எஃப்.எம். கேட்கிறது, ஏ.எம். கேட்கவில்லை: மோட்டார்ஹோம் ரேடியோவை அறிகுறி பார்த்துச் சரிசெய்வது

மோட்டார்ஹோமில் (உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியில்) ஏ.எம்., அதாவது மீடியம் வேவ், எடுக்கவில்லை என்றதும் பெரும்பாலானவர்கள் முதலில் புது ஆன்டெனா வாங்குகிறார்கள். அப்புறம் புது ரேடியோ. இரண்டையும் மாற்றியும் அதே கரகரப்பு தொடர்ந்தால்தான் யாரிடமாவது கேட்கிறார்கள். இப்படி வந்த வண்டிகளைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் எனக்குப் பட்டது இதுதான்: சிக்னல் வந்து சேராத வண்டிகள் குறைவு. வந்து சேர்ந்த சிக்னலை வண்டிக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு மின்சாதனம் அமுக்கிவிடுவதுதான் அதிகம். மோட்டார்ஹோம் பாதி கார், பாதி வீடு. இரண்டின் மின்சாரக் கோளாறுகளும் ஒரே ரேடியோவில் வந்து விழுகின்றன. எது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

## கை வைக்கும் முன் மூன்று சோதனைகள்

வெட்டவெளிச் சோதனை. பகலில், மின்கம்பியும் கட்டடமும் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். எஞ்சினை அணையுங்கள். வண்டியின் வீட்டுப் பகுதிக்கு (விளக்கு, பம்ப் போன்றவற்றுக்கு) மின்சாரம் தரும் தனி பேட்டரியின் மெயின் ஸ்விட்சையும் அணையுங்கள். சில வண்டிகளில் டேஷ்போர்டு ரேடியோவும் அந்த பேட்டரியில்தான் ஓடும்; அப்படியானால் மெயினை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அணையுங்கள். இப்போது அருகிலுள்ள வலுவான ஸ்டேஷன் ஒன்றை வையுங்கள். தெளிவாகக் கேட்டால் ஆன்டெனாவும் ரேடியோவும் நன்றாகவே இருக்கின்றன, கோளாறு இரைச்சலில். அப்போதும் கேட்கவில்லை என்றால் ஆன்டெனா பக்கம் போங்கள்.

பிளக் சோதனை. இரைச்சல் இருக்கும்போது ஸ்டேஷன் இல்லாத ஓரிடத்தில் ரேடியோவை வைத்துவிட்டு, பின்னாலிருக்கும் ஆன்டெனா பிளக்கைப் பிடுங்குங்கள். இரைச்சல் நின்றால் அது ஆன்டெனா வழியாக உள்ளே வருகிறது. நிற்காமல் அப்படியே இருந்தால் ரேடியோவுக்கு வரும் மின்கம்பி வழியாக வருகிறது. மின்கம்பிக்கு ஃபில்டர் போட்டால் ஆன்டெனா வழி வரும் இரைச்சல் ஒரு துளிகூடக் குறையாது. இந்த ஒரு நிமிடச் சோதனையைச் செய்யாமல் ஃபில்டர் வாங்கியவர்கள்தான் நிறையப் பேர்.

வெளி ரேடியோ. பேட்டரியில் ஓடும் சின்ன கையடக்க ரேடியோவை எடுத்துக்கொண்டு வண்டியைவிட்டு முப்பது அடி தள்ளிப் போய் அதே ஸ்டேஷனை வையுங்கள். அங்கேயும் இல்லையென்றால் அந்த இடத்தில் அந்த ஸ்டேஷனே இல்லை. பழுது பார்க்க எதுவும் கிடையாது. இந்தச் சின்ன ரேடியோவைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று மோப்பம் பிடிக்க இதுதான் கருவி.

## அறிகுறி 1: எஃப்.எம். நன்றாக இருக்கிறது, ஏ.எம். எஞ்சின் அணைந்திருந்தாலும் எடுக்கவில்லை

எஃப்.எம். கேட்கிறது என்பது ஆன்டெனா நன்றாக இருப்பதற்கு அத்தாட்சி அல்ல. எர்த் (வண்டியின் இரும்புச் சட்டத்தோடு உள்ள மின்தொடர்பு) விட்டுப்போன ஆன்டெனாவிலும், பாதி அறுந்த கேபிளிலும் எஃப்.எம். எப்படியோ ஓடிவிடும். ஏ.எம். ஓடாது.

ரேடியோவின் செட்டிங். ஸ்டேஷன் இடைவெளி அமெரிக்கக் கண்டங்களில் 10 கிலோஹெர்ட்ஸ், மற்ற பெரும்பாலான நாடுகளில் 9. ரேடியோ தவறான பகுதிக்கு வைக்கப்பட்டிருந்தால் எண்கள் ஸ்டேஷனுக்குச் சற்றுத் தள்ளியே நின்று, வருவதெல்லாம் கரகரவென்று வரும். பேட்டரியைக் கழற்றி மாட்டியபின் இந்த செட்டிங் தானாக மாறிவிடும் ரேடியோக்களும் உண்டு. அப்படியே ‘லோக்கல்’ என்ற பொத்தான் அழுந்தியிருக்கிறதா என்றும் பாருங்கள். அது இருந்தால் வலுவான ஸ்டேஷன்கள் மட்டுமே நிற்கும்.

ஆன்டெனாக் குச்சி. அடியில் திருகு தளர்ந்திருக்கிறதா? மரக்கிளை தட்டாமலிருக்க யாராவது நீளக் குச்சியைக் கழற்றிவிட்டு விரல் நீள ரப்பர் குச்சி மாட்டியிருக்கிறார்களா? அந்த ரப்பர் குச்சி எஃப்.எம்.முக்குப் போதும். ஏ.எம்.முக்கு முக்கால் மீட்டர் உலோகக் குச்சியே குட்டைதான். அதையும் குறைத்தால் பிறகு எதைச் சொல்லியும் பயனில்லை.

ரேடியோ பின்னால் இருக்கும் பிளக். அதிர்வில் பின்னுக்கு நகர்ந்திருக்கும். உள்ளே ‘க்ளக்’ என்று உட்காரும்வரை அழுத்துங்கள். ரேடியோவை மாற்றியவர்கள் நடுவில் ஓர் அடாப்டர் போட்டிருந்தால் அதையும் சந்தேகப்படுங்கள்.

நீலக் கம்பி. ஆன்டெனா கண்ணாடிக்குள் பதிந்ததாகவோ அடியில் ஆம்ப்ளிஃபையர் உள்ளதாகவோ இருந்தால் அதற்கு ரேடியோவிலிருந்து 12 வோல்ட் போக வேண்டும். வழக்கமாக நீலக் கம்பி. ரேடியோ மாற்றியபோது இதை இணைக்காமல் டேப் சுற்றி விட்டிருப்பார்கள். ‘புது ரேடியோ போட்டதிலிருந்து ஏ.எம். போய்விட்டது’ என்று யாராவது சொன்னால் முதலில் இங்கேதான் பார்க்க வேண்டும்.

ஆன்டெனாவின் எர்த். மோட்டார்ஹோமுக்கே உரிய கோளாறு இது. காரில் ஆன்டெனா இரும்புத் தகட்டில் நிற்கும். போல்ட்டை இறுக்கினாலே எர்த் கிடைத்துவிடும். மோட்டார்ஹோமின் முன்முகமும் பக்கச் சுவரும் பல வண்டிகளில் ஃபைபர்கிளாஸ். போல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது பிளாஸ்டிக்கைத்தான் பிடித்துக்கொண்டிருக்கும். தயாரித்தபோது அடியிலிருந்து ஒரு கம்பியை சேசிஸுக்கு, அதாவது வண்டியின் அடி இரும்புச் சட்டத்துக்கு, இழுத்திருப்பார்கள். சில வருடங்களில் அந்த முனை துருப்பிடித்துக் கழன்றிருக்கும். அல்லது இழுக்கவே மறந்திருப்பார்கள்.

மல்டிமீட்டரால் பார்ப்பது இப்படி. பிளக்கை ரேடியோவிலிருந்து கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மாட்டியபடியே அளந்தால் ரேடியோவின் சொந்த எர்த் உங்களை ஏமாற்றிவிடும்.

பிளக்கின் நடு முனையிலிருந்து குச்சி வரை: 1 ஓமுக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுக்கம்பி எங்கோ அறுந்திருக்கிறது.

பிளக்கின் நடு முனையிலிருந்து வெளி வளையம் வரை: தொடர்பே இருக்கக் கூடாது. சில நூறு கிலோஓம் காட்டினாலும் அடிப்பாகத்தில் ஈரம் இறங்கியிருக்கிறது என்று பொருள். ஏ.எம். அந்த ஈரத்திலேயே கரைந்துவிடும்.

வெளி வளையத்திலிருந்து சேசிஸ் வரை: 1 ஓமுக்குள். இங்கே மீட்டர் அசையவே இல்லையென்றால் இத்தனை நாள் தேடியது கிடைத்துவிட்டது.

ஆம்ப்ளிஃபையர் உள்ள ஆன்டெனாவுக்கும் கண்ணாடி ஆன்டெனாவுக்கும் முதலிரண்டு அளவுகள் பொருந்தாது. அவற்றில் 12 வோல்ட் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

எர்த் இல்லையென்றால் ஆன்டெனா அடியிலிருந்து தடித்த பின்னல் கம்பி ஒன்றை அருகிலுள்ள இரும்புச் சட்டத்துக்கு, முடிந்தவரை குட்டையாக இழுங்கள். வைப்பர் மோட்டார் பிடித்திருக்கும் சட்டம் பெரும்பாலும் சேசிஸோடு சேர்ந்திருக்கும். மாட்டும் இடத்தில் பெயின்டைப் பளபளவென்று சுரண்டி, பல் வாஷர் போட்டு இறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். பெயின்டுக்கு மேல் இறுக்கிய எர்த் முதல் மழை வரைதான்.

கேபிள். கார் ஆன்டெனாக் கேபிள் பார்க்க டி.வி. கேபிள் மாதிரி இருந்தாலும் வேறு ரகம். உள்ளே மெல்லிய கம்பி, சுற்றிலும் காற்று இடைவெளி அதிகம். அதை நீட்ட டி.வி. கேபிளை ஒட்டுப்போட்டால் எஃப்.எம். முன்போலவே இருக்கும், ஏ.எம். பாதாளத்துக்குப் போகும். பின்பக்கக் கூரையில் ஆன்டெனாவை வைத்து ஐந்தாறு மீட்டர் கேபிள் இழுத்த வண்டிகளிலும் இதே கதை. உயரம் முக்கியம் என்று நினைத்து அப்படிச் செய்கிறார்கள். ஏ.எம்.மில் குச்சியிலிருந்து ரேடியோ வரையுள்ள கேபிள் குட்டையாக இருப்பதுதான் அதைவிட முக்கியம்.

பழைய ரேடியோக்களில் ஆன்டெனாத் துளைக்குப் பக்கத்தில் சின்ன திருகு ஒன்று இருக்கும். 1400 கிலோஹெர்ட்ஸ் பக்கம் மெலிதாகக் கேட்கும் ஸ்டேஷனை வைத்து, சத்தம் உச்சத்துக்கு வரும்வரை அதை மெதுவாகத் திருப்புங்கள். கேபிளோ குச்சியோ மாற்றினால் இதையும் மீண்டும் செய்ய வேண்டும். புது ரேடியோக்களில் இது கிடையாது.

ரேடியோவேதானா? கடைசியாக, வேறு கார் ஆன்டெனா ஒன்றை அதன் கேபிளோடு கடன் வாங்கி ரேடியோவில் செருகி, அதன் அடிப்பாகத்தை சேசிஸ் இரும்பில் அழுத்திப் பிடித்து, குச்சியை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பாருங்கள். கேட்டால் பழைய ஆன்டெனாவை மாற்றுங்கள். அப்போதும் கேட்கவில்லை என்றால்தான் ரேடியோ. புதிதாக வரும் பல ரேடியோக்களில் திரைக்கும் புளூடூத்துக்கும் கொடுக்கும் கவனம் ஏ.எம். பகுதிக்குக் கிடைப்பதில்லை, பழைய ரேடியோவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

மின்பணியாளரை அழைக்க வேண்டிய இடம்: கேபிள் முன்முகத்துக்குள் மூடிய பகுதியில் போகிறது, டேஷ்போர்டைப் பிரிக்காமல் எட்டாது என்றால். முன்தூணில் ஏர்பேக் உள்ள வண்டியானால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

## அறிகுறி 2: எஞ்சின் ஓடும்போது மட்டும் இரைச்சல்

முதலில் டேஷ்போர்டில் செருகியிருப்பதையெல்லாம் பிடுங்குங்கள். போன் சார்ஜர், டேஷ்கேம், பின்பக்கக் கேமராவின் திரை, டயர் காற்றழுத்தம் காட்டும் பெட்டி. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் யு.எஸ்.பி. சார்ஜர் போன் இல்லாதபோதும் இரையும். போனைக் கழற்றினால் போதாது, சார்ஜரையே கழற்ற வேண்டும். எஞ்சின் கோளாறு என்று வரும் வண்டிகளில் கணிசமானவை இங்கேயே முடிந்துவிடுகின்றன.

இனி ஓசையைக் கேளுங்கள்.

ஆக்சிலரேட்டரை மிதித்தால் ‘உய்ய்ங்’ என்று மேலேறும் ஓசை. ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் சுழற்றி பேட்டரியை நிரப்பும் ஜெனரேட்டர். பேட்டரி முனைகளும் எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டையும் சுத்தமாக, இறுக்கமாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். அடுத்து பிளக் சோதனை. பிளக்கைக் கழற்றியும் ஓசை நிற்கவில்லையென்றால் ரேடியோவின் 12 வோல்ட் கம்பியில் ஒரு லைன் ஃபில்டர் போடலாம். ரேடியோ எடுக்கும் ஆம்பியரைவிடக் கூடுதல் தாங்கும் ஃபில்டராக இருக்கட்டும். ரேடியோவின் உலோகப் பெட்டியிலிருந்து சேசிஸுக்குத் தனிக் கம்பி ஒன்றும் இழுங்கள்.

ஃபில்டர் போட்டும் குறையவில்லை, அல்லது இந்த ஓசை திடீரென்று ஒருநாள் ஆரம்பித்தது என்றால் ஆல்டர்னேட்டரின் டையோடைச் சந்தேகப்படுங்கள். மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, ஹெட்லைட் போட்டு எஞ்சின் ஓடும்போது பேட்டரி முனைகளில் அளவு எடுங்கள். 0.1 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 0.5-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரைக் கழற்றிச் சோதிக்க வேண்டும். ரேடியோவுக்காக மட்டுமல்ல, வழியில் நிற்காமல் இருப்பதற்காகவும். சில மலிவு மீட்டர்கள் ஏ.சி. ரேஞ்சில் டி.சி.யையும் சேர்த்துக் காட்டிப் பயமுறுத்தும். எஞ்சின் அணைந்திருக்கும்போது ஒருமுறை அளந்து, பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

எஞ்சின் வேகத்தோடு சேர்ந்து ‘டிக்டிக்டிக்’. பெட்ரோல் எஞ்சினானால் பற்றவைக்கும் பகுதி. ஸ்பார்க் பிளக் மாற்றியவர் ரெசிஸ்டர் இல்லாத ரகத்தைப் போட்டிருக்கலாம். பிளக்கின் எண்ணில் பல தயாரிப்புகளில் ‘ஆர்’ எழுத்து இருக்கும். பிளக் கம்பிகள் வெடித்திருந்தால் இருட்டில் பானெட்டைத் திறந்து பார்க்கும்போது நீலப் பொறி தெரியும். பார்ப்பதோடு நிறுத்துங்கள், தொடாதீர்கள். டீசல் எஞ்சினில் பொறியே கிடையாது. அங்கே டிக்டிக் வந்தால் அது இன்ஜெக்டர் கம்பிகளிலிருந்தோ கம்ப்யூட்டரிலிருந்தோ வருகிறது. ஆன்டெனா எர்த்தைச் சரிசெய்வதைத் தவிர வீட்டில் செய்ய அதிகமில்லை.

எஞ்சின் வேகம் மாறினாலும் மாறாத சீரான இரைச்சல். ஏ.சி. காற்றாடி, வைப்பர், எரிபொருள் பம்ப். சாவியை ‘ஆன்’ வரை மட்டும் திருப்பி, ஒவ்வொன்றாகப் போட்டு அணைத்தால் தெரிந்துவிடும். சாவியைத் திருப்பியதும் ஓரிரு வினாடி இரைந்து நின்றால் அது எரிபொருள் பம்ப்.

எஞ்சின் ஓடிச் சற்று நேரம் கழித்துத்தான் தொடங்குகிறது. இது பலரைக் குழப்பும். வீட்டு பேட்டரியை ஓட்டத்தில் நிரப்பும் டி.சி.-டி.சி. சார்ஜர் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் ஓடுவது உறுதியான பிறகே அது வேலையைத் தொடங்கும். அதன் ஃபியூஸைக் கழற்றினால் இரைச்சல் நிற்கிறதா? நின்றால் அடுத்த அறிகுறியில் சொல்லும் ஃபெரைட் (இரைச்சலைத் தடுக்கக் கம்பியைச் சுற்றும் காந்தப்பொருள் வளையம்) வைத்தியம் இதற்கும் பொருந்தும்.

## அறிகுறி 3: எஞ்சின் அணைந்தும், நிறுத்திவைத்த வண்டியில் ஓயாத இரைச்சல்

நேரத்தைச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். வீட்டுப் பக்கத்தில் சுவிட்ச் முறையில் மின்சாரத்தை மாற்றும் எந்தச் சாதனமும் ஒரு சின்ன டிரான்ஸ்மிட்டர். அது போடும் சத்தம் 530 முதல் 1700 கிலோஹெர்ட்ஸ் வரை பரவி நிற்கும், ஏ.எம். குடியிருக்கும் அதே தெருவில்.

தேடும் முறை எளிது. ஸ்டேஷன் இல்லாத இடத்தில் ரேடியோவை வைத்து இரைச்சலைக் கேட்டபடி, வெளி மின்சாரத்தை (நிறுத்திய இடத்தில் வண்டிக்குச் செருகும் மின்இணைப்பை) கழற்றுங்கள். பிறகு ஃபியூஸ் பெட்டியில் ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குங்கள். எதில் இரைச்சல் குறைகிறதோ அந்த லைனில் இருக்கிறது ஆள். குறைந்தாலும் முழுதாக நிற்கவில்லையென்றால் இரண்டு மூன்று பேர் சேர்ந்து கத்துகிறார்கள். கண்டுபிடித்ததை வெளியே வைத்துவிட்டு மேலே தேடுங்கள். திரும்பப் போடுவது ஒன்று மறந்தால் பரவாயில்லை என்று நினைக்காதீர்கள்: கேஸ் கசிவு அலாரமும் அந்தப் பெட்டியில்தான் இருக்கிறது.

எல்லா ஃபியூஸையும் பிடுங்கியும் இரைச்சல் இருக்கிறதா? இன்வெர்ட்டரும் சோலார் கன்ட்ரோலரும் பல வண்டிகளில் ஃபியூஸ் பெட்டியைத் தொடாமல் நேராக பேட்டரியில் மாட்டியிருக்கும். மெயின் ஸ்விட்சை அணைத்தாலும் அவை அணையாது.

வழக்கமாக மாட்டிக்கொள்பவை, எளிதிலிருந்து செலவுக்கு:

டி.வி. ஆன்டெனாவின் பூஸ்டர். சுவரில் டி.வி. கேபிள் செருகும் இடத்தில் சின்ன பொத்தானும் குட்டி விளக்கும் இருக்கும். வண்டி வாங்கிய நாளிலிருந்து எரிந்துகொண்டிருக்கும். அணையுங்கள்.

எல்.இ.டி. விளக்குகள். பழைய ஹாலஜனை எடுத்துவிட்டு மலிவாக வாங்கிப் போட்ட எல்.இ.டி.கள்தான் பெரும் எதிரி. எல்லா விளக்கையும் போட்டு, கையடக்க ரேடியோவை ஒவ்வொரு விளக்கின் அருகிலும் கொண்டுபோங்கள். உள்ளங்கை தூரத்தில் ‘ஸ்ஸ்ர்ர்’ என்று சீறினால் அந்த விளக்கு. ஒரே பெட்டியிலிருந்து வந்த பத்து விளக்கில் ஒன்று மட்டும் கத்துவதும் உண்டு. டிம்மர் வைத்தவை முழு வெளிச்சத்தில் அமைதியாகவும் மங்கலில் இரைச்சலாகவும் இருக்கும். வைத்தியம் விளக்கை மாற்றுவதே. உள்ளே சுவிட்சிங் சுற்று இல்லாமல் ரெசிஸ்டர் மட்டும் வைத்த எல்.இ.டி. மின்சாரம் கொஞ்சம் கூடக் குடிக்கும், வெளிச்சமும் பேட்டரி வோல்ட்டேஜோடு ஏறி இறங்கும். ஆனால் வாய் திறக்காது.

வெளி மின்சாரம் செருகினால் மட்டும் இரைச்சல். பேட்டரி நிரப்பும் கன்வெர்ட்டர். அதன் பிரேக்கரை அணைத்து உறுதி செய்யுங்கள். ஓரிரவு பேட்டரியில் ஓட்டுவதால் ஒன்றும் ஆகாது. நிகழ்ச்சி கேட்கும் நேரம் மட்டும் அணைத்து வைப்பவர்கள் உண்டு, அதைவிட மலிவான வழி இல்லை.

இன்வெர்ட்டர். எதுவும் செருகாமல் சும்மா விட்டிருந்தாலும் இரையும். தேவைப்படும்போது மட்டும் போடுங்கள். மாடிஃபைடு சைன் (படிப்படியாக வெட்டிய அலை தரும்) ரகம் ப்யூர் சைனைவிட (வழுவழுப்பான அலை தருவதைவிட) மோசம் என்பது பொதுவாக உண்மை. ஆனால் ப்யூர் சைன் என்று எழுதியிருப்பதாலேயே ஏ.எம்.முக்கு அமைதி என்று நம்ப வேண்டாம்.

வெயில் ஏற ஏற கூடும், பொழுது சாய்ந்ததும் நிற்கும் இரைச்சல். சோலார் கன்ட்ரோலர். எம்.பி.பி.டி. ரகங்களில் (பேனலிலிருந்து முடிந்தவரை அதிக சக்தியை எடுப்பவை) அதிகம். பேனல் பக்கத்து பிரேக்கரை முதலில் அணைத்துப் பாருங்கள். பேட்டரி பக்கத்தை முதலில் கழற்றினால் பல கன்ட்ரோலர்கள் பழுதாகும். கூரையில் ஓடும் பேனல் கம்பிகள் இரைச்சலுக்கு நல்ல ஆன்டெனாவாகிவிடுகின்றன. பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கிக் கட்டுவது இலவசமாகக் கிடைக்கும் முதல் வைத்தியம்.

ஃபெரைட். சாதனத்தை மாற்ற முடியாத இடத்தில் இதுதான் மருந்து. ஆனால் சரியாகப் போட வேண்டும். கம்ப்யூட்டர் கேபிளில் மாட்டும் கிளிப்பை வாங்கி ஒரு கம்பியின்மேல் மாட்டிவிட்டு ‘பிரயோஜனமில்லை’ என்பவர்கள் பலர். ஏ.எம். அலைவரிசையில் ஒரு சுற்று ஒன்றும் செய்யாது. தடுப்பு சுற்றின் எண்ணிக்கையின் வர்க்கத்தில் ஏறும்: மூன்று சுற்றுக்கு ஒன்பது மடங்கு. ஆகவே பெரிய வளையம் வாங்கி எட்டுப் பத்துச் சுற்றுப் போடுங்கள். வளையப் பொருளின் ரக எண் 73 அல்லது 75 என்றால் இந்த அலைவரிசைக்குப் பொருத்தம். பரவலாகக் கிடைக்கும் 31 இன்னும் மேலேயுள்ள அலைவரிசைகளில்தான் முழு பலம் காட்டும். பிளஸ்ஸும் மைனஸும் சேர்ந்தே ஒரே வளையத்தில் போக வேண்டும். ஒன்றை மட்டும் சுற்றினால் அதில் ஓடும் கரன்ட்டிலேயே வளையம் நிறைந்து செத்துவிடும். வளையம் இரைச்சல் போடும் சாதனத்தை ஒட்டி இருக்கட்டும். ரேடியோவை ஒட்டி அல்ல.

தண்ணீர் பம்பும் கூரைக் காற்றாடியும் ஓடும்போது மட்டும் கரகரத்தால் விட்டுவிடுங்கள். பம்ப் ஓடுவது எத்தனை நேரம்?

மின்பணியாளர் தேவைப்படும் இடம்: இன்வெர்ட்டர், கன்வெர்ட்டர் இவற்றின் மூடியைத் திறக்க வேண்டி வந்தால். கம்பியைக் கழற்றிய பிறகும் உள்ளே கப்பாசிட்டர்களில் ஆளை அடிக்கும் அளவு மின்சாரம் நிற்கும். வெளி மின்சாரத்தின் எர்த் கம்பியைக் கழற்றிச் சோதிப்பது எந்தக் காரணத்துக்கும் கூடாது.

## அறிகுறி 4: கையடக்க ரேடியோ வண்டிக்குள் எடுக்கவில்லை, வெளியே எடுக்கிறது

இதில் கோளாறு எதுவுமில்லை. அலுமினியச் சுவர், அலுமினியச் சட்டம், சில வண்டிகளில் சுவருக்குள் வெள்ளித்தாள் ஒட்டிய தெர்மாகோல். ஏ.எம். உள்ளே வருவது கண்ணாடி வழியாகத்தான். முன்கண்ணாடி அருகே அல்லது பெரிய ஜன்னல் திண்ணையில் வையுங்கள்.

வைத்துவிட்டுத் திருப்புங்கள். இந்த ரேடியோக்களுக்குள் இருக்கும் ஃபெரைட் குச்சி ஒரு திசையில் அதிகமாகவும் அதன் முனைகள் பார்க்கும் திசையில் மிகக் குறைவாகவும் எடுக்கும். மேலே நீளும் உலோகக் குச்சியை இழுத்துவிடுவது எஃப்.எம்.முக்கு, ஏ.எம்.முக்கு அதனால் பெரும்பாலும் பயனில்லை. இரைச்சல் போடும் பொருளை முனை பார்க்கும்படி திருப்பினால் ஸ்டேஷன் கொஞ்சம் குறைந்தாலும் இரைச்சல் அதைவிட அதிகம் குறையும்.

போதவில்லை என்றால் டியூன் செய்யும் வளைய ஆன்டெனா ஒன்று. கம்பி இணைக்க வேண்டாம். ரேடியோவின் பக்கத்தில் வைத்து ஸ்டேஷனுக்குத் திருப்பினால் சத்தம் குபீரென்று எழும். இதை வெளியே மேசையில் ரேடியோவோடு வைத்துக் கேட்பதுதான் உத்தமம். மரத்துக்கு மரம் நீளக் கம்பி கட்டுபவர்களும் உண்டு. கட்டினால் மின்கம்பிகளுக்கு எட்டாத தூரத்தில் கட்டுங்கள், இடி கேட்கும் முன் அவிழ்த்துவிடுங்கள்.

## அறிகுறி 5: ஓட்டும்போது வந்து வந்து போகிறது

பள்ளத்தில் குலுங்கும்போது அறுபட்டால் இணைப்புத் தளர்வு. ஒருவர் ரேடியோவைக் கேட்க, இன்னொருவர் ஆன்டெனா அடியையும் ரேடியோ பின்பக்கப் பிளக்கையும் அசைத்துப் பார்த்தால் நிமிடத்தில் தெரியும்.

பாலத்துக்கு அடியில் போகும்போது மறைந்து வெளியே வந்ததும் திரும்பினால் ஏ.எம். அப்படித்தான். உயர் மின்அழுத்தக் கம்பிகளோடு இணையாக ஓடும் சாலையில் ‘உர்ர்ர்’ வந்தால் சாலை பிரியும்வரை பொறுங்கள். வறண்ட நாளில், வேகம் ஏறும்போது மட்டும் சடசடப்பு வந்து, ஈரச் சாலையில் வராமலிருந்தால் அது டயர்களும் ஃபைபர்கிளாஸ் பாடியும் சேர்த்துக்கொள்ளும் நிலைமின்சாரம். ஆன்டெனா எர்த்தையும், சேசிஸோடு சேர வேண்டிய உலோகப் பாகங்களின் பட்டைகளையும் பாருங்கள். இதைச் சோதிக்க ஓடும் வண்டியில் எஞ்சினை அணைத்துப் பார்க்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. ஸ்டியரிங்கும் பிரேக்கும் கனத்துவிடும்.

## அறிகுறி 6: பகலில் நன்றாக இருந்த ஸ்டேஷன் இரவில் குழம்புகிறது

ரேடியோவைத் தொடாதீர்கள். சூரியன் மறைந்ததும் தொலைதூர ஏ.எம். அலைகள் வானத்தில் பட்டுத் திரும்பி வரத் தொடங்கும். ஒரே எண்ணில் இரண்டு மூன்று ஸ்டேஷன்கள் ஏறி நிற்கும். ஒன்று மேலே வரும், மற்றது அமுங்கும், நடுவில் விசில். அமெரிக்கா போன்ற இடங்களில் பல ஸ்டேஷன்கள் இரவில் சக்தியைக் குறைக்கவோ ஒலிபரப்பை நிறுத்தவோ உரிமத்திலேயே விதி இருக்கிறது. பகலில் கேட்ட உள்ளூர் ஸ்டேஷன் அப்படிப் போயிருக்கலாம்.

இதற்குச் செய்யக்கூடியது ஸ்டேஷனை மாற்றுவது. இரவில் 50 கிலோவாட் நிலையங்கள் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலும் கேட்கும். ஓட்டும்போது எண் மாற்றாமல் மணிக்கணக்கில் கேட்க அவைதான் தோது. நிறுத்திய வண்டியில் கையடக்க ரேடியோ என்றால் திருப்பித் திருப்பி ஒன்றை மங்கவைத்து மற்றதைப் பிடிக்கலாம். ‘நேரோ’ என்ற பொத்தான் இருந்தால் அழுத்துங்கள். விசில் குறையும், குரல் கொஞ்சம் மூக்கால் பேசுவதுபோல் ஆகும்.

## அறிகுறி 7: குறிப்பிட்ட முகாமில் மட்டும் இரைச்சல்

வண்டி முழுவதையும் அணைத்தும், வெளி மின்சாரத்தைக் கழற்றியும் இரைச்சல் நிற்கவில்லையென்றால் அது உங்களுடையது அல்ல. கையடக்க ரேடியோவோடு நடந்து பாருங்கள்.

வினாடிக்கு ஒன்று வீதம் ‘டக்… டக்…’ என்று சீராக வந்தால் அருகே கால்நடைகளுக்கான மின்வேலி. வேலியில் புல் உரசுகிற இடத்தில் பொறி பறக்கும். நிலத்துக்காரரிடம் சொன்னால் அவருக்கும் நன்மை. பக்கத்து வண்டியை நெருங்க நெருங்கக் கூடினால் அவர்களுடைய இன்வெர்ட்டர் அல்லது சோலார். கேட்டுப் பாருங்கள், அல்லது உங்கள் வண்டியின் ஆன்டெனா அந்தப் பக்கம் வராதபடி திருப்பி நிறுத்துங்கள். சில மீட்டர் தள்ளினாலே வித்தியாசம் தெரியும்.

மின்கம்பத்தருகே போகும்போது ‘கர்ர்ர்’ உச்சத்துக்கு ஏறினால், அதுவும் மழைக்குப் பிறகு குறைந்து காய்ந்ததும் திரும்பினால், கம்பத்தில் ஏதோ தளர்ந்து பொறி விடுகிறது. அதைச் சரிசெய்ய வேண்டியவர்கள் மின்சாரம் வழங்கும் நிறுவனத்தார். கம்பத்தைத் தட்டிப் பார்க்காதீர்கள், அதன் இழுவைக் கம்பியை ஆட்டாதீர்கள். கம்பத்தில் எழுதியிருக்கும் எண்ணைக் குறித்துக்கொண்டு, எந்த நேரத்தில் அதிகம் கேட்கிறது என்பதையும் சேர்த்து அவர்களிடம் சொல்லுங்கள்.